நடவில் நடந்த ஆள்மாறாட்டம்

அந்த வருஷங்களில் தஞ்சாவூர் ஜில்லாவில் எதையாவது நிரூபிக்காமல் ஒருவரும் நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை. நிலம் வைத்திருந்தவர்கள் தங்களிடம் அவ்வளவாக நிலம் இல்லை என்று நிரூபித்துக்கொண்டிருந்தார்கள். குத்தகைக்காரர்கள் தாங்கள் உழுவது உண்மைதான் என்று நிரூபிக்க அலைந்தார்கள். ஆட்சி மாறிய பிறகு கட்சியில் சேர்ந்தவர்கள் ஆட்சி மாறுவதற்கு முன்பே சேர்ந்துவிட்டதாக நிரூபித்தார்கள். வாத்தியார்கள் மட்டும் எதையும் நிரூபிக்காமல் சாக்பீஸும் கையுமாகத் திரிந்தார்கள். அது பொறுக்காமல் ஏற்படுத்தப்பட்டதுதான் பாடப்புலமை மெய்ப்பிப்பு வாரியம்.

வாரியத்தின் கொள்கை எளிமையானது. ஒருவருக்குப் பாடம் தெரியும் என்பது அவர் பாடம் நடத்துவதிலிருந்து தெரிந்துவிடாது. வாரியத்தின் முன்னால் வந்து மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பித்தவருக்குச் சான்றிதழ் உண்டு, வேலை நிரந்தரமாகும். மெய்ப்பிக்காதவர் தீபாவளிக்குப் பிறகு வகுப்புக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது.

அஹமது கபீர் கூத்தாநல்லூர்க்காரன். அந்த ஊரில் ஆண்பிள்ளைக்கு மீசை அரும்பினால் சம்பாதிக்கக் கப்பலேற்றி விடுவார்கள். அவனைப் பெற்ற அத்தாவும் அப்படிப் போனவர்தான். அவரைப் பார்த்ததைவிட அவர் அனுப்பிய பெட்டிகளைத்தான் கபீர் அதிகமாகப் பார்த்திருந்தான். அந்த வயிற்றெரிச்சலிலேயே கடைகண்ணி வியாபாரம் எதுவும் வேண்டாமென்று விவசாய டிப்ளமோ படித்து, பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் தற்காலிக விவசாய ஆசிரியராகச் சேர்ந்திருந்தான். பிள்ளைகளுக்கு அவனைப் பிடித்திருந்தது, அவனுக்கும் அந்த வேலை பிடித்திருந்தது. மனைவி மெஹராஜ் பேகத்துக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. பினாங்கில் துணிக்கடை வைத்திருந்த மாமா, வேலை நிலைக்காவிட்டால் அடுத்த கப்பலில் வந்து சேர், ஏற்பாடெல்லாம் முடிந்தது என்று எழுதிவிட்டார். ஆக, சான்றிதழ் கிடைத்தால் வீடு, கிடைக்காவிட்டால் நாகப்பட்டினத்தில் கப்பல் என்பதுதான் கபீரின் நிலைமை.

எழுத்துத் தேர்வில் நெல்லின் ஏழு பயன்களை எழுதச் சொல்லியிருந்தார்கள். கபீர் ஆர்வக்கோளாறில் ஒன்பது எழுதிவிட்டான். கூடுதலாக எழுதிய இரண்டுக்கும் மதிப்பெண்ணைக் குறைத்து, 'பாடத்திட்டத்துக்கு அப்பாற்பட்ட அறிவு' என்று ஓரத்தில் குறித்துவிட்டார்கள். எப்படியோ கரையேறினான்.

அடுத்தது வாய்மொழித் தேர்வு. பயணியர் விடுதியில் வாரிய உறுப்பினர்கள் மூவர் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் துரைராசு மேடைப்பேச்சில் பெயரெடுத்தவர். நாற்காலியில் உட்கார்ந்து பேசினாலும் முன்னால் ஒலிபெருக்கி இருப்பதாகவே அவருக்கு நினைப்பு. தேர்வு தொடங்குமுன் வாரியத்தின் பெருமையை அவரே எடுத்துரைத்தார்.

"இவர் ஓவியம் அறிந்தவர், அவர் காவியம் அறிந்தவர், நான் காரியம் அறிந்தவன். வேளாண்மை அறிந்தவர் ஒருவரைக்கூட இந்த வாரியத்தில் நாங்கள் விடவில்லை. ஏன்? அறிந்தவனுக்குச் சொந்தக் கருத்து இருக்கும். சொந்தக் கருத்து இருக்கும் இடத்தில் நடுநிலை இருக்காது. எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதே உங்களுக்குக் கிடைத்திருக்கும் பாதுகாப்பு."

மற்ற இருவரும் மேசையைத் தட்டினார்கள். பிறகு தலைவர் கபீரைப் பார்த்து நெல் என்றால் என்ன என்று கேட்டார். கபீர் படித்ததைச் சொன்னான். நெல் ஒரு புல்வகை என்று சொன்னதுதான் தாமதம், தலைவரின் முகம் கறுத்துவிட்டது. தமிழன் உண்ணும் சோற்றைப் புல் என்று சொல்ல உமக்கு எப்படி மனம் வந்தது என்று கேட்டு, அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். நெல் புல் இல்லை என்று கபீர் அப்போதைக்கு ஒப்புக்கொண்டான். இனிமேல் பேச்சில் கவனம் வேண்டும் என்ற எச்சரிக்கையோடு தேர்ச்சி கொடுத்துவிட்டார்கள்.

மூன்றாவதுதான் செய்முறை. தேர்வர் ஒவ்வொருவரும் ஒரு வயலில் நடவு செய்துகாட்ட வேண்டும். அந்தப் பக்கத்தில் ஆண்கள் நாற்றுப் பறிப்பார்கள், நடுவது பெண்கள். ஆம்பிளை குனிந்து நட்டு யாரும் பார்த்ததில்லை. வாரியத்துக்கு இது தெரியாது. தேர்வர்களில் தெரிந்த சிலரும் புல் என்று சொன்னவன் பட்ட பாட்டைக் கேள்விப்பட்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

வாரியத்துக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்க முன்வந்தவர் மிராசுதார் ரெத்தினம். ஆட்சி மாறியதும் துண்டின் கரையை மாற்றிக்கொண்டவர், அதனால் எல்லா ஆபீஸிலும் அவருக்கு நாற்காலி உண்டு. அந்தக் குறுவைப் போகத்தில் அவர் பண்ணையில் கூலி உயர்வு கேட்டு ஆட்கள் வேலைக்கு வராமல் நின்றுவிட்டார்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருக்கிறது, நடுவதற்குத்தான் ஆளில்லை. கல்விக்காக என் நிலத்தையே தருகிறேன் என்று அவர் சொன்னபோது வாரியத் தலைவர் கண்கலங்கி, வள்ளல் என்று பேசினார். வேலைநிறுத்தத்தை இது உடைக்காதா என்று ஒரு தேர்வர் தயங்கித் தயங்கிக் கேட்டார். வேலை செய்தால்தானே உடைப்பது, நீங்கள் செய்யப்போவது தேர்வு என்று தலைவர் விளக்கினார். விளக்கத்துக்குத் துணையாகப் போலீஸ் வேன் ஒன்றும் வந்து நின்றது.

சீட்டுக் குலுக்கிப் போட்டதில் கபீருக்கு விழுந்தது கடைக்கோடியில் வாய்க்காலை ஒட்டிய ஒரு மா நிலம், ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. தேர்வரின் கவனம் சிதறக் கூடாது என்பதற்காக வாரியத்தார் பண்ணை வீட்டுக்குள் இருந்தபடியே கண்காணிப்பதாகச் சொல்லி, விருந்துக்குப் போய்விட்டார்கள். ரெத்தினத்தின் காரியஸ்தர் ரோட்டோரம் போலீஸ்காரர்களோடு நின்று, கொடி பிடித்துக்கொண்டு யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கபீர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு முடி நாற்றைக் கட்டோடு எடுத்தான். காலை வயலில் வைக்கப்போகும்போது, வாய்க்கால் கரையில் ஒரு பெண் நிற்பதைக் கண்டான். கையில் கொடி இல்லை. கூப்பாடு போடவும் இல்லை. அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வச்சிராதீங்க சார். அது எங்க குத்தகை நெலம்."

அவள் பெயர் ரெங்கம்மாள். புருஷன் மருதையன் கூலிப் போராட்டத்தில் பிடிபட்டுத் திருச்சி ஜெயிலில் இருந்தான். மருதையனும் அவளும் கல்யாணமான நாள்முதல் அந்த நிலத்தைத்தான் சாகுபடி செய்துவந்தார்கள். வாய்ப்பேச்சுக் குத்தகை, துண்டுச்சீட்டு கிடையாது. குத்தகைக்காரர் பெயரைப் பதிவுசெய்யச் சட்டம் வந்ததும் அவளும் மனுக் கொடுத்திருந்தாள். புருஷன் ஜெயிலில் இருக்கும்போது இந்தப் போகம் சாகுபடி செய்தது யார், பண்ணைதானே என்பது ரெத்தினத்தின் வாதம். இன்றைக்கு வாத்தியார் நட்டுவிட்டால் அந்த வாதத்துக்கு அரசாங்க முத்திரையே விழுந்துவிடும். இதையெல்லாம் அவள் அழாமல், அவசரப்படாமல் சொன்னாள்.

கபீர் ரோட்டைப் பார்த்தான். காரியஸ்தரின் முதுகுதான் தெரிந்தது.

"நான் நடலன்னா எனக்கு வேலை போயிரும்மா," என்றான்.

"நீங்க நட்டா எங்களுக்கு நெலம் போயிரும்."

இரண்டுமே உண்மை. மெஹராஜின் முகமும் மாமாவின் கடிதமும் மாறி மாறி வந்து நின்றன. தூக்கிய காலை வயலிலும் வைக்காமல் வரப்பிலும் வைக்காமல் நிற்பது எவ்வளவு நேரத்துக்குச் சாத்தியம்? கடைசியில் வரப்பிலேயே வைத்தான். சாயந்திரத்துக்குள் வயல் நட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்குச் சொன்னது என்றான். அவள் அவனை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் தெருப் பெண்கள் வாய்க்கால் கரையோடு வரிசையாக வந்தார்கள். பண்ணை வயலில்தான் அவர்கள் இறங்க மாட்டார்கள், ரெங்கம்மாள் வயலுக்கு என்ன தடை? நாற்று அவள் வீட்டு நாற்றங்காலில் பறித்தது. ரெங்கம்மாள் முதல் ஆளாக இறங்கிக் குனிந்தாள். கபீர் நடுவயலில் நிற்பதா, வரப்பில் நிற்பதா என்று தெரியாமல், பண்ணை நாற்று முடியைக் கையில் பிடித்தபடி வரப்போரமாகச் சேற்றில் நின்றான். யாராவது வந்தால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே ரோட்டைப் பார்த்தான்.

ஆளும் வரத்தான் பார்த்தது. காரியஸ்தர் தற்செயலாகத் திரும்பினார். கடைக்கோடி வயலில் தெருப் பெண்கள் குனிந்து நடுவது அவர் கண்ணில் பட்டது. கபீருக்கு உயிரே போய்விட்டது. ஆனால் காரியஸ்தர் அவன் பக்கம் ஓடி வரவில்லை, பண்ணை வீட்டை நோக்கி ஓடினார். வேலைநிறுத்தம் உடைந்துவிட்டது, தெருப் பெண்கள் இறங்கிவிட்டார்கள் என்று எசமானின் காதில் போட்டார். ரெத்தினம் மகிழ்ந்துபோய் வாரியத்தாருக்கு இன்னொரு சுற்றுப் பாயசம் ஊற்றச் சொன்னார்.

பாயசம் செரித்த பிறகு வாரியம் வரப்பில் வந்து நின்றது. மற்ற தேர்வர்கள் நட்டதில் பாதி மிதந்துகொண்டிருந்தது. கபீரின் வயல் மட்டும் வயலாக இருந்தது. தலைவர் துரைராசு மூக்கின் மேல் விரலை வைத்து, கற்றவன் கை பட்டால் கழனியும் கவி பாடும் என்றார். முதலிடம் கபீருக்குத்தான். சான்றிதழில், இன்ன வயலில் பண்ணையின் அனுமதியோடு நடவு செய்து தன் புலமையை மெய்ப்பித்தார் என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

வீட்டில் மெஹராஜ் நெய்ச்சோறு ஆக்கினாள். மாமாவுக்கு வரவில்லை என்று எழுதிப்போட்டாயிற்று. ஆவணி பிறந்தது. கபீர் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, குத்தகைப் பதிவு விசாரணைக்குச் சாட்சியாக வரச்சொல்லி அவனுக்கு அழைப்பு வந்தது. பண்ணைத் தரப்பின் முதல் ஆதாரமே அவனுடைய சான்றிதழின் நகல்தான். அந்த நிலத்தில் நட்டது யார் என்பதைக் கல்வித் துறையின் உயர்ந்த வாரியமே கண்காணித்து எழுதியிருக்கிறது, அதன் எழுத்தே இறுதி என்று ரெத்தினத்தின் வக்கீல் மனுவில் போட்டிருந்தார். பயிர் பண்ணையுடையது என்றும், தீர்ப்பு வரும்வரை ரெங்கம்மாள் வயலில் கால் வைக்கக் கூடாது என்றும் கேட்டிருந்தார்.

கபீர் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தான். மெஹராஜிடம் மறைக்காமல் சொல்லிவிட்டான். நான்தான் நட்டேன் என்றால் அந்தப் பெண்ணுக்கு நிலம் இல்லை. நான் நடவில்லை என்றால் எனக்குச் சான்றிதழ் இல்லை. மெஹராஜ் வயிற்றில் கையை வைத்தபடி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"உங்கள கப்பலேத்த எனக்கு மனசு இல்ல. அதுக்காக நீங்க அந்தம்மா வாயில மண்ணப் போட்டுட்டு வந்து என் பக்கத்துல உக்காரவும் வேணாம். என்னைய கேக்காதீங்க, நீங்களே பாத்துக்குங்க," என்றாள். சொல்லிவிட்டு எழுந்துபோய் அடுப்பங்கரையில் அழுதாள்.

விசாரணை அன்று ரெங்கம்மாள் ஓரமாக நின்றாள். அவனைப் பார்க்கவே இல்லை. வக்கீல் சான்றிதழை உயர்த்திக் காட்டி, இது உங்களுடையதுதானே, இதில் எழுதியிருப்பது உண்மைதானே என்று கேட்டார். ரெத்தினம் முன்வரிசையிலிருந்து அவனைப் பார்த்து உரிமையோடு தலையாட்டினார். பேச ஆரம்பித்தால் நிறுத்திவிடுவோமோ என்ற பயத்தில் கபீர் ஒரே மூச்சில் சொன்னான்.

"நான் நடலைங்க. அந்த அம்மா நட்டாங்க, அவங்க தெருவுல உள்ளவங்களும் நட்டாங்க. நான் சேத்துல நின்னேன், அவ்வளவுதான்."

வக்கீல் அசரவில்லை. அரசாங்க வாரியத்தின் முத்திரை பெரிதா, ஒரு தற்காலிக வாத்தியாரின் வாய் பெரிதா என்று கேட்டார். தாசில்தார் நியாயமான மனிதர்தான், ஆனால் அவருக்கும் மேலே ஆபீஸ் இருந்தது. வாரியம் ஒன்றை எழுதிக் கொடுத்திருக்கும்போது வெறும் வாய்ச்சொல்லை வைத்து என்னால் எழுத முடியாது, வாரியமே வேறு மாதிரி எழுதினால் பார்க்கிறேன் என்று சொல்லி, விசாரணையை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தார். உண்மையைச் சொன்னதில் கபீருக்கும் நஷ்டம், ரெங்கம்மாளுக்கும் லாபமில்லை என்று ஆயிற்று.

மறுவாரமே வாரியம் அவனைக் கூப்பிட்டனுப்பியது. கோபமாக இருப்பார்கள் என்று நினைத்துப் போனான். காப்பி கொடுத்தார்கள். தலைவர் துரைராசு குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"தம்பி, உமக்குப் புலமை இருக்கிறது என்று நாங்கள் எழுதிவிட்டோம். இல்லையென்று சொல்ல உமக்கு என்ன உரிமை? நீர் பொய் சொன்னீர் என்றால் அது உம் குற்றம். நாங்கள் பார்க்காமல் எழுதினோம் என்றால் அது வாரியத்தின் குற்றமாகிவிடும். வாரியம் குற்றம் செய்ய விதியில் இடமில்லை. ஆகவே நீர்தான் நட்டீர். தாசில்தாரிடம் குழப்பத்தில் பேசிவிட்டேன் என்று எழுதிக் கொடும், சான்றிதழ் உம்மோடு இருக்கட்டும்."

எழுதிக் கொடுத்தால் எல்லாம் தீர்ந்தது. வேலை, வீடு, பிறக்கப்போகும் பிள்ளை எல்லாம் பத்திரம். கபீர் காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த வாரியத்துக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, முத்திரை குத்துவது. அந்த முத்திரைதான் தாசில்தாருக்கு வேண்டும்.

"ஐயா, வாரியத்து மேல தப்பே இல்லைங்க," என்றான். "ஏமாந்ததுன்னாதான் தப்பு. கண்டுபிடிச்சதுன்னா பெருமைதானுங்க. நடந்தது ஆள்மாறாட்டம். தேர்வருக்குப் பதிலா வேற ஆள் தேர்வு எழுதுற மாதிரி, எனக்குப் பதிலா ரெங்கம்மாள் நட்டாங்க. அதை வாரியம் கண்டுபிடிச்சு ரெண்டு பேரையும் தண்டிச்சதா இருக்கட்டும்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தண்டிச்சதா என்ற சொல் தலைவருக்கு இனித்தது. வாரியம் இதுவரை யாரையும் தண்டித்ததில்லை. அப்படி ஒரு அதிகாரம் தனக்கு இருப்பதே அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. உடனே எழுத்தரைக் கூப்பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கினார். வஞ்சகம் வயலில் இறங்கியது, வாரியம் வாளை உருவியது என்று ஆரம்பம் பிரமாதமாக இருந்தது. ஆனால் வயல் எது என்றே வரவில்லை.

கபீர் பணிவாகக் குறுக்கிட்டான். குற்றம் நடந்த இடத்தைச் சர்வே எண்ணோடு எழுதாவிட்டால் நாளைக்கு அந்தப் பெண் தப்பித்துவிடுவாள் என்றான். தப்பவிடுவேனா என்று தலைவர் சர்வே எண்ணைப் போடச் சொன்னார். நான்கு எல்லையையும் போட்டால் இன்னும் இறுகும் என்றான். அதுவும் ஏறியது. நாற்று யாருடையது என்று கேட்பார்கள் என்றான். 'தன் சொந்த நாற்றங்காலில் விளைந்த நாற்றைக் கொண்டு' என்று எழுதினார்கள். அவள் மற்றவர்களை ஏவினாளா, தானே செய்தாளா என்று ஓவியம் அறிந்தவர் கேட்டார். கபீர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தானே செய்தாள் என்று போட்டால்தான் குற்றம் கடுமை என்றான்.

"எழுதும்," என்றார் தலைவர். "தன் சொந்த உடல் உழைப்பால், யாருடைய அனுமதியும் இன்றி, அந்தப் போகம் முழுவதையும் தன்னுடையதாகப் பாவித்து நட்டார்."

குத்தகைச் சட்டத்தில் சாகுபடிதாரர் என்றால் யார் என்று கேட்டால் ஏறக்குறைய இதைத்தான் சொல்வார்கள். தலைவர் அந்தச் சட்டத்தைப் படித்ததில்லை. கடைசியில் தண்டனை. அஹமது கபீரின் சான்றிதழ் ரத்து. ரெங்கம்மாள் இந்த மாநிலத்தின் எந்தப் பள்ளியிலும் ஆயுள் முழுவதும் ஆசிரியராகப் பணியாற்றக் கூடாது. தலைவர் முத்திரையைத் தன் கையாலேயே குத்தினார். கபீர் தன் நகலை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அடுத்த விசாரணையில் தாசில்தார் அந்த உத்தரவை இரண்டு தடவை படித்தார். வாரியத்துக்கு விவசாயத்தைப் பற்றி என்ன தெரியும், அவர்கள் எழுதியதை எப்படி நம்புவது என்று ரெத்தினத்தின் வக்கீல் துள்ளினார். அந்த நிலத்தில் நட்டது யார் என்பதில் இந்த வாரியத்தின் எழுத்தே இறுதி என்று போன மாதம் நீங்கள்தான் மனுவில் எழுதியிருக்கிறீர்கள் என்று தாசில்தார் அவருடைய பக்கத்தையே திருப்பிக் காட்டினார். வக்கீல் உட்கார்ந்தார். ரெத்தினம் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். சாகுபடிதாரர் என்ற இடத்தில் ரெங்கம்மாள், மருதையன் மனைவி என்று எழுதப்பட்டது.

ஆபீஸ் வாசலில் அவள் கபீருக்காகக் காத்திருந்தாள். அவள் தெருப் பெண்கள் கொஞ்சம் தள்ளி நின்று சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். உத்தரவின் கடைசியில் என்ன எழுதியிருக்கிறது, எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்களே என்று கேட்டாள். கபீர் சொன்னான். அவளும் சிரித்தாள்.

"அப்ப நம்ம ரெண்டு பேருக்குமே வாத்தியார் வேலை போச்சுன்னு சொல்லுங்க."

"ஆமாம்மா."

சிரிப்பு அவள் முகத்தில் மெதுவாக அடங்கியது. அவன் சட்டையை, செருப்பை, முகத்தைப் பார்த்தாள்.

"எனக்கு நெலம் இருக்கு. நீங்க என்ன சார் பண்ணுவீங்க?"

"மாமா கடை ஒண்ணு இருக்கு. துணிக்கடை. அங்க போயி உக்காந்துக்குவேன்."

"பக்கத்துலதானே?"

வாரியத்தின் முன்னாலும் தாசில்தாரின் முன்னாலும் பொய் சொல்ல முடியாமல் போன கபீர் அப்போது ஒரு பொய்யைச் சுலபமாகச் சொன்னான்.

"பக்கத்துலதாம்மா."